மேற்பார்வை இல்லாமல் மாணவிகளைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்

கேள்வி:

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் மனையியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. எம்.எஸ்சி. மனித மேம்பாடும் குடும்ப இயலும் படிக்கும் 22 மாணவிகள் ஜூனில் இரண்டாம் ஆண்டுக்கு வருகிறார்கள். அவர்களின் களப்பணிக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு நடந்தது மனசுக்கு ஒப்பவில்லை. பாதிப் பேர் தொண்டு நிறுவன அலுவலகங்களில் உட்கார்ந்து பதிவேடு எழுதினார்கள். அறிக்கைகளில் பத்துக்கு மேல் ஒரே அச்சாக இருந்தன. ஒரு மாணவி தன் கைப்பேசி எண்ணை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட, அந்தப் பெண்ணின் கணவர் இரவு 11 மணிக்கு மேல் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு நிறுவனம், இனி உங்கள் பிள்ளைகள் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். மாணவி ஒருத்தி, "குடிக்கிற அப்பா இருக்கிற வீட்டுக்கு என்னால போக முடியாது மேடம், எங்க வீடே அப்படித்தான்" என்று அழுகிறாள். அவளை என்ன செய்வது?

— ஓர் உதவிப் பேராசிரியர்

பதில்:

மாணவிகள் போன இடங்கள், எழுதிய அறிக்கைகள், வந்த சிக்கல்கள் எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. வாரம் ஒருமுறை ஒவ்வொரு மாணவியையும் தனியாக உட்கார வைத்து, அவள் எழுதியதை முன்னால் வைத்துக்கொண்டு யார் பேசினார்கள் என்பது மட்டும் இல்லை. யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன நான்கு கோளாறுகளும் அந்த ஓட்டை வழியாக வந்தவைதான். பேசியிருந்தால், பதிவேடு எழுத வைக்கிறார்கள் என்பது முதல் வாரமே தெரிந்திருக்கும். எண்ணைக் கொடுத்தது அடுத்த திங்கட்கிழமையே தெரிந்திருக்கும். தன் அறிக்கையைப் பற்றி ஒரு மணி நேரம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அடுத்தவள் அறிக்கையைப் பார்த்து எழுத மாட்டாள்.

ஆகவே முதல் வேலை, துறைத் தலைவரிடம் நேரம் கேட்பது. நிறுவனங்களைத் தேடிப் போவதெல்லாம் அதற்கப்புறம்தான். ஓர் ஆசிரியரால் உருப்படியாக மேற்பார்வை செய்ய முடிந்தது அதிகபட்சம் 8 மாணவிகளை. 22 பேருக்கு மூன்று ஆசிரியர்கள் வேண்டும். 8, 7, 7 என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவிக்கு வாரம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்கு 6 முதல் 8 மணி நேரம் ஆகும். இது கால அட்டவணையில் பாட வேளையாகவே ஏற வேண்டும். "ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டால் இரண்டாவது மாதத்தில் நின்றுபோகும். மூன்று பேர் கிடைக்கவே மாட்டார்கள் என்றால் களப்பணி நாட்களைக் குறையுங்கள், மேற்பார்வையைக் குறைக்காதீர்கள். மேற்பார்வையோடு பத்து நாள் போன மாணவி, அது இல்லாமல் முப்பது நாள் அலைந்தவளைவிட அதிகம் கற்றுக்கொள்வாள். அவள் போகும் குடும்பங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

அடுத்தது மணிக்கணக்கு. களப்பணிக்கு ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது இப்போதைய வழக்கம். 4 கிரெடிட் என்றால் 120 மணி நேரம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்று 15 வாரப் பருவத்துக்குப் போட்டால் காகிதத்தில் 210 வரும். உள்மதிப்பீட்டுத் தேர்வுகளுக்கு இரண்டு வாரம், பண்டிகை விடுமுறைக்கு இரண்டு நாள் கழித்தால் மிஞ்சுவது 24 நாள், அதாவது 168 மணி. காய்ச்சல், மழை, பேருந்து நிறுத்தம் எல்லாம் இதற்குள்தான் வரும். எனவே 150 மணிக்கு மேல் கட்டாயமாக்காதீர்கள். எட்ட முடியாத கணக்கை விதியாக வைத்தால் வருகைப் பதிவேட்டில் பொய்க் கையெழுத்து விழும். அதை நாமே கற்றுக்கொடுத்தது போலாகிவிடும்.

திங்கட்கிழமையைக் களப்பணி நாளாக வைக்காதீர்கள். அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். சமூக நல அலுவலரும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்காரர்களும் அங்கே போய்விடுவார்கள். மாணவி போய் வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள், அல்லது பதிவேடு எழுத உட்கார்த்தப்படுவாள். செவ்வாயும் வியாழனும் பொருந்தும். செவ்வாய் பார்த்ததை புதன் மாலைக்குள்ளும் வியாழன் பார்த்ததை வெள்ளி மாலைக்குள்ளும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் சனி, ஞாயிறில் படித்து, திங்களன்று தனிச் சந்திப்பு. நடுவில் ஒரு நாள் இடைவெளி இருப்பதால் எழுத அவகாசம் கிடைக்கும், நினைவும் மங்காது.

இடங்களைத் தேர்வதில் பல துறைகள் ஒரு தவறைச் செய்கின்றன. குடும்ப இயல் என்றவுடன் குடும்பச் சண்டை என்று எடுத்துக்கொண்டு, முதல் வாரமே வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் குடும்ப நீதிமன்றத்துக்கும் மாணவிகளை அனுப்பிவிடுகிறார்கள். சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டை ஒரு மணி நேரம் கவனித்துப் பார்க்காதவளுக்கு, உடைந்த வீட்டில் எது உடைந்தது என்று தெரியாது. காலை ஏழு மணிக்குக் குழந்தைக்கு யார் ஊட்டுகிறார்கள், ரேஷன் அட்டை யார் கையில் இருக்கிறது, சம்பளம் வந்த அன்று யாரைக் கேட்டுச் செலவு நடக்கிறது, பாட்டி கட்டிலில் எந்தப் பேரப்பிள்ளை படுக்கிறது: இவற்றைப் பார்க்கப் பழகுவதுதான் நம் படிப்பின் அடிப்படை. அதனால் முதல் நான்கு வாரம் 22 பேரையும் அங்கன்வாடிகளுக்கு அனுப்புங்கள், மையத்துக்கு இருவர் வீதம். அங்கே எடை, உயரம் எடுப்பதைப் பார்ப்பார்கள், தாய்மார் கூட்டத்தில் உட்காருவார்கள். பணியாளரோடு கூடவே போய் வீடுகளையும் பார்ப்பார்கள். இதற்கு வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது.

ஐந்தாம் வாரத்திலிருந்து பிரிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பதிவு பெற்ற குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், குடிநோய் மறுவாழ்வு மையத்தின் குடும்பப் பிரிவு, வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கான ஆரம்பநிலைத் தலையீட்டு மையம், குடும்ப ஆலோசனை மையம், பெற்றோர் கூட்டங்களை ஒழுங்காக நடத்தும் அரசுப் பள்ளி ஆகியவை பொருந்தும். முதியோர் பக்கம் மாணவிகளுக்கு ஆர்வம் குறைவுதான். ஆனால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வந்திருக்கும் ஒரு தாயோடு அரை நாள் உட்கார்ந்தால், சொத்து எழுதிக் கொடுத்ததற்கும் சோறு கிடைப்பதற்கும் உள்ள உறவை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத அளவுக்குப் புரிந்துகொள்வார்கள். ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பினால், தேர்ந்த இருவரை மட்டும், பார்வையாளராக மட்டும் அனுப்புங்கள். மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, தற்காலிகத் தங்கல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று அந்த மையத்தை அமைத்ததே, அடிபட்டு வந்த பெண் தன் கதையை ஆளாளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது என்பதற்காக. கற்றுக்கொள்ள வந்த மாணவிக்காக அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டி வரக் கூடாது.

ஒரு நிறுவனத்துக்கு இருவர் முதல் நால்வர் போதும். ஒரு மாணவிக்கு ஒரு பருவத்தில் மூன்று குடும்பம் போதும். பத்துக் குடும்பம் என்று வைத்தால் பத்துப் படிவம்தான் நிரம்பும்.

உங்கள் பிள்ளைகள் வேண்டாம் என்ற நிறுவனத்திடம் நேரில் போய்க் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் மாணவியின் தவறைவிட, கல்லூரி எதையும் சொல்லாமல் அனுப்பியதுதான் காரணமாக இருக்கும். எட்டு ஊழியர் வேலையை மூவர் செய்யும் இடத்தில், என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத இருவர் வந்து நின்றால் அவர்களிடம் பதிவேட்டைத்தான் நீட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதைத் தடுக்க ஒரு பக்க உடன்படிக்கை போதும். தொடக்க, முடிவுத் தேதிகள், கிழமைகள், நிறுவனத்தில் மாணவியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் பெயர், பதவி, அவர் வாரம் அரை மணி நேரம் ஒதுக்குவார் என்ற ஒப்புதல், மாணவி செய்யக்கூடியவை, செய்யக் கூடாதவை, அவசரத்தில் கூப்பிட வேண்டிய இரண்டு எண்கள். பதிவேட்டு வேலை அறவே கூடாது என்று எழுதாதீர்கள். அலுவலக எழுத்து வேலை மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று எழுதுங்கள். பதிலுக்கு நாமும் ஒன்று கொடுக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் ஒரு குடும்பத்துக்கு உதவக்கூடிய அலுவலகம், மருத்துவமனை, சான்றிதழ் நடைமுறை, தொடர்பு எண் எல்லாவற்றையும் மாணவிகள் சரிபார்த்துத் தொகுத்த ஒரு சிறு கையேட்டைப் பருவ முடிவில் கொடுத்தால் நிறுவனம் அடுத்த ஆண்டு தானாகக் கூப்பிடும்.

மேற்பார்வை வேளைக்கு அடுத்தபடி எதில் அதிகம் கவலைப்படுவீர்கள் என்று கேட்டால் வீட்டு வருகையைத்தான் சொல்வேன். தனியாகப் போகக் கூடாது. இருவராக, அல்லது நிறுவன ஊழியரோடு. போகும் தெருவும் திரும்பும் நேரமும் நிறுவனத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். மாலை ஐந்தரைக்குள் பேருந்து ஏறிவிட வேண்டும். நேரத்தை நம் வசதிக்கு வைத்தால் பூட்டிய கதவுதான். தண்ணீர் வரும் வேளையில் போனால் குடத்தோடு நிற்கும் பெண்ணைத்தான் பார்க்கலாம். நூறு நாள் வேலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகிறவர்கள் திரும்பிய பிறகு, அடுப்பு பற்ற வைக்கும் முன்பு ஒரு மணி நேரம் கிடைக்கும். அது ஊருக்கு ஊர் மாறும். அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்டால் சொல்வார். ஆண் மட்டும் இருக்கும் வீட்டில் உள்ளே போகாமல், அக்கா வந்ததும் வருகிறோம் என்று திண்ணையோடு திரும்பிவிட வேண்டும்.

காபி கொடுத்தால் குடிக்கலாமா என்று மாணவிகள் கட்டாயம் கேட்பார்கள். குடிக்கட்டும். நம் ஊரில் ஒரு வீட்டுத் தண்ணீரை மறுப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. நாம் எந்த எண்ணத்தில் மறுத்தாலும் அந்த வீட்டார் அந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு டம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். புடவை, பணம், கோழி முட்டை என்று வந்தால் மட்டும் கைகூப்பி மறுக்கலாம். "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்ற கேள்வியும் வரும். கோபப்படவோ பொய் சொல்லவோ வேண்டியதில்லை. "காலேஜ்ல இருந்து வர்றோம் அக்கா, அதெல்லாம் சொல்றதில்லன்னு எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அடுத்த பேச்சுக்குப் போகலாம். இதை வகுப்பில் இருவர் இருவராக நடித்துப் பழக வையுங்கள். எழுதிக் கொடுத்தால் மட்டும் வாயில் வராது.

கைப்பேசி எண் விவகாரத்தில் அந்த மாணவியைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். ஒரு பெண் கண்ணீரோடு, "உன் நம்பர் குடும்மா" என்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல இருபத்தொரு வயதில் எவருக்கும் வராது. சொல்ல வேண்டிய வாசகத்தை நாம் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம். துறைக்கென்று ஒரு சிம் வாங்குங்கள், பகல் 10 முதல் 5 வரை ஓர் ஆசிரியர் கையில் இருக்கட்டும். அந்த எண்ணும் நிறுவன எண்ணும் அச்சிட்ட சிறு அட்டையை மாணவி கொடுப்பாள். குடும்பத்தின் புகைப்படம், ஆதார் நகல், வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது எதுவும் கூடாது. அறிக்கையில் 'குடும்பம் 3' என்றுதான் இருக்க வேண்டும். பெயரின் முதலெழுத்தைப் போடுவதும் போதாது. சின்ன ஊரில், 'பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் எம்., இரண்டாம் மனைவியோடு' என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரியும். குற்றம் சாட்டப்பட்ட அல்லது பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி தண்டனைக்குரியது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி, எல்லாவற்றுக்கும் மையமான உரையாடல் பதிவு. மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரித்த தாள் போதும்: நடந்த பேச்சு அப்படியே, அப்போது எனக்குள் என்ன ஓடியது, நான் செய்ய நினைத்தது என்ன, கடைசிப் பத்தி மேற்பார்வையாளருக்கு. முழு நாளையும் எழுதச் சொல்லாதீர்கள். ஏதாவது ஓர் இருபது நிமிடப் பேச்சு, பேச்சுத் தமிழிலேயே. 'குடும்பச் சூழ்நிலை குறித்துக் கலந்துரையாடினேன், தக்க ஆலோசனை வழங்கினேன்' என்ற வரிகள் வந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். அதில் யாரும் பேசவில்லை. அறிக்கைகள் ஒரே அச்சாக வருவதும் இந்த நடையால்தான்.

ஒரு மாதிரி தருகிறேன். அந்தப் பெண் சொல்கிறாள்: "அவரு குடிச்சா மட்டும்தான் கோவப்படுவாரு, மத்தபடி தங்கமான மனுசன்." மாணவி: "கவலப்படாதீங்க அக்கா, எல்லாம் சரியாயிடும்." அந்தப் பெண்: "காபி போடட்டுமா?" மாணவி இதைக் கனிவான உரையாடல் என்றுதான் எழுதியிருப்பாள். மேற்பார்வையாளர் கேட்க வேண்டியது, "காபி ஏன் அந்த இடத்தில் வந்தது?" கதவை லேசாகத் திறந்து பார்த்த பெண்ணிடம் 'சரியாயிடும்' என்று சொன்னதும் அவள் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுத்த கேள்வி, "சரியாயிடும் என்று யாருக்காகச் சொன்னாய்?" மாணவி யோசித்தால், தன் பயத்துக்காகச் சொன்னதாக அவளே கண்டுபிடிப்பாள். அதன் பிறகுதான், வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று தேட வேண்டும்: "கோவம் வர்ற அன்னைக்கு நீங்களும் பிள்ளைங்களும் என்னக்கா பண்ணுவீங்க?" இந்த ஒரு வரிக்கு மாணவி தானாக வந்து சேர இருபது நிமிடம் ஆகலாம். நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் அவளுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கும், காது கிடைக்காது.

அந்த ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் மாணவி கொண்டுவந்த விஷயத்துக்கு. அடுத்த அரை மணி பதிவில் ஒரே ஒரு பகுதிக்கு. பிறகு பத்து நிமிடம் அவள் எப்படி இருக்கிறாள், தூங்குகிறாளா, அந்த வீட்டை விட்டு வந்தும் மனசு அங்கேயே இருக்கிறதா என்பதற்கு. கடைசிப் பத்து நிமிடம் அடுத்த வாரம் செய்யப்போகும் ஒரு காரியத்துக்கு. முடிவில் தேதியோடு மூன்று வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பதிவு வராமல் சந்திப்பு இல்லை, சந்திப்பு நடக்காமல் அடுத்த வாரக் களப்பணி இல்லை. இந்த விதியில் மட்டும் இளகாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஆசிரியரிடம் இருக்கும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரக் குழுச் சந்திப்பு. அதில் ஒருத்தி தன் குடும்பம் 2-ஐ முன்வைப்பாள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

குடும்ப வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இது நம் ஊருக்கே உரிய சிக்கல். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, மணவிலக்குக்கு இணைப்புக் கோட்டின் மேல் இரண்டு சாய்கோடு என்று மாணவிகள் படித்துவிட்டுப் போவார்கள். போன இடத்தில் தாய்மாமனைக் கட்டிய பெண் இருப்பாள். அவளுடைய மாமியார் அவளுக்கு அம்மாச்சி. அவளுடைய நாத்தனார்களில் ஒருத்தி அவளைப் பெற்ற தாய். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மாணவி திகைத்து நிற்பாள், சிலர் மாற்றி எழுதிச் சமாளித்துவிடுவார்கள். உறவுக்குள் நடந்த மணத்துக்கு இரட்டைக் கோடு உண்டு. அந்த நபரை இரு இடத்தில் வரைந்து புள்ளிக்கோட்டால் இணைக்கவும் செய்யலாம். வரைவதைவிட முக்கியம் அதிலிருந்து எழும் கேள்வி. புகுந்த வீடும் அம்மாவைப் பெற்ற வீடும் ஒன்றாக இருக்கும் பெண்ணுக்கு, கோபித்துக்கொண்டு போக ஒரு பிறந்த வீடு இருக்கிறதா? 'மாமியார்–மருமகள் பிரச்சனை' என்று எழுதிவிட்டுப் போகும் மாணவி இதைத் தவறவிடுவாள். எனவே வரைபடத்தின் ஓரத்தில் யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் எழுத வையுங்கள்.

ஆபத்தான நேரங்களில் மாணவி தானே முடிவெடுக்க வேண்டிய நிலையே வரக் கூடாது. என்ன செய்வது என்று முன்பே எழுதிக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு குழந்தை பாலியல் துன்பத்தைச் சொன்னால், துருவிக் கேட்கக் கூடாது, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல, உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட நான் சொல்லணும்" என்பது போதும். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிந்தவர் எவராயினும் காவல் நிலையத்துக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். தராமல் விட்டால் 21-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. இந்தக் கடமை மாணவிக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். மேற்பார்வையாளரிடம் சொன்னதோடு முடிந்தது என்று இருக்காமல், தகவல் அன்றே போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். அங்கன்வாடிக் களப்பணியில் இது வேறு உருவத்தில் வரும்: கர்ப்பிணிகள் பட்டியலில் பதினேழு வயதுப் பெண். குடும்பம் கெஞ்சும், மாணவிக்கு இரக்கம் வரும். கணவனே என்றாலும் சட்டம் ஒன்றுதான். அவளுடைய மருத்துவப் பரிசோதனை தடைபடாமல் பார்த்துக்கொண்டே தகவலைச் சேர்க்க வேண்டும், அதை நிறுவன மேற்பார்வையாளரும் நீங்களும் செய்ய வேண்டும். மாணவியின் தலையில் போடக் கூடாது.

வயதுவந்த பெண் அடிவாங்குகிறாள் என்றால் வழி வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். ஆனால் அவள் சம்மதம் இல்லாமல் தந்தால் அன்றிரவு அடி அவளுக்குத்தான். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வாயால் சொல்லுங்கள், துண்டுப் பிரசுரத்தை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். கணவன் கண்ணில் படும். கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து மாணவி பஞ்சாயத்துப் பேசவே கூடாது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கக்கா" என்ற சொல் எந்தப் பதிவிலாவது இருந்தால் அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். உயிரை விட்டுவிடலாம் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த எண்ணம் எப்போதெல்லாம் வருகிறது என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. அந்த இடத்தைவிட்டு எழாமல் துறை எண்ணைக் கூப்பிட வேண்டும். மனநல உதவி எண் 14416, சுகாதார உதவி எண் 104 இரண்டும் அட்டையில் இருக்கட்டும்.

மாணவியின் பாதுகாப்பும் எழுத்தில் வர வேண்டும். களப்பணி நடக்கும் இடம் கல்லூரி வளாகத்துக்குள் அடங்கும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள் சொல்கின்றன. பயிற்சி, களப்பயணம் எல்லாம் அதில் வரும். நிறுவனத்தில் ஒருவர் தவறாக நடந்தால், "அது வெளியே நடந்தது" என்று உங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு கைகழுவ முடியாது. முதல் நாளே மாணவிகளிடம் குழுத் தலைவரின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். புகார் வந்தால் மாணவியை அன்றே இடம் மாற்றுங்கள். செய்த மணிநேரம் கணக்கில் இருக்கும் என்று எழுதியும் கொடுங்கள். மதிப்பெண் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் சொல்லாமல் இருக்கிறார்கள்.

மதிப்பெண்ணில் வருகைக்கு எதுவும் வைக்காதீர்கள், அது குறைந்தபட்சத் தகுதி. நூறில் பதிவுகளுக்கு 35, தனிச் சந்திப்புகளில் தெரிந்த வளர்ச்சிக்கு 25, நிறுவன மேற்பார்வையாளருக்கு 20, வாய்மொழித் தேர்வுக்கு 20 என்று வைக்கலாம். ஏழாம் வாரத்தில் ஒரு இடைமதிப்பீடு கட்டாயம். பருவ முடிவில் திடீரென்று குறைத்துப் போட்டால் யாருக்கும் பயனில்லை. தன் தவறைத் தானே எழுதிய மாணவிக்கு மதிப்பெண் குறையாது என்பதை முதல் வாரமே உணர்த்துங்கள். இல்லாவிட்டால் அழகான பொய்கள்தான் வரும்.

விடைபெறுவதையும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். "அக்டோபர் வரைக்கும்தான் வருவோம் அக்கா" என்பது முதல் சந்திப்பிலேயே வர வேண்டும், கடைசி மூன்று சந்திப்பிலும் திரும்ப வர வேண்டும். கடைசி முறை நிறுவன ஊழியரைக் கூட்டிப் போய், இனி இவர் வருவார் என்று கையில் ஒப்படைக்க வேண்டும். "கண்டிப்பா வந்து பாப்பேன்" என்று மாணவிகள் சொல்லிவிட்டு வருவார்கள். போக மாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அழுத அந்த மாணவிக்கு வருவோம். அவளைக் களப்பணியிலிருந்து விலக்காதீர்கள், குடிநோய் மையத்துக்கு அனுப்பித் தைரியப்படுத்தவும் பார்க்காதீர்கள். இரண்டும் அவளைத் தண்டிப்பதுதான். முதலில், அவள் வீட்டில் இப்போது அவளுக்கோ அம்மாவுக்கோ ஆபத்து இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதுதான் அவசரம், களப்பணி பிறகு. இல்லையென்றால் அவள் சொன்னதை அவள் அனுமதி இல்லாமல் சக ஆசிரியரிடமோ நிறுவனத்திடமோ சொல்லாதீர்கள். முதல் நான்கு வாரம் எல்லோரோடும் அங்கன்வாடிக்குப் போகட்டும். ஐந்தாம் வாரம் முதியோர் இல்லமோ ஆரம்பநிலைத் தலையீட்டு மையமோ அவளே தேர்ந்துகொள்ளட்டும். எந்த வீட்டிலும் குடிக்கிறவர் இருக்கலாம் என்பதால், அப்படிப்பட்ட வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் என்ன சொல்லிவிட்டு வெளியே வரலாம் என்பதை அவளோடு சேர்ந்து தயார் செய்யுங்கள்: "ஆபீஸ்ல இருந்து கூப்பிடறாங்க அக்கா, அடுத்த வாரம் வர்றோம்." கூட வரும் தோழிக்கு அந்த வாக்கியத்தின் பொருள் மட்டும் தெரிந்தால் போதும், காரணம் தெரிய வேண்டியதில்லை.

தனிச் சந்திப்பில் அவள் வீட்டுக் கதைக்குள் போய்விடாதீர்கள். நீங்கள் அவளுக்கு மதிப்பெண் போடுகிறவர், அவளுக்கு ஆலோசகராகவும் இருக்க முடியாது. கல்லூரி மனநல ஆலோசகரிடம் அவள் போக விரும்பினால் முதல் முறை நீங்களே கூட்டிப் போய் அறிமுகப்படுத்திவிட்டுத் திரும்புங்கள். ஏழாம் வார இடைமதிப்பீட்டின்போது, எந்த வீட்டுக்குப் போக முடிந்தது, எங்கே மூச்சு முட்டியது என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீங்கள் பேசி நிரப்பாதீர்கள்.